கேபினட் வாங்கும்முன் உள்ளே எதையெல்லாம் பார்ப்பீர்கள்?

புதூர்க்காரன்:

வணக்கம். சில வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குக் கேபினட் மட்டும் மாற்ற வேண்டும். உள்ளே இருப்பவை: பி550 ஏடிஎக்ஸ் மதர்போர்டு, ரைசன் 5 5600, மூன்று ஃபேன் வைத்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (டேப் வைத்து அளந்தேன், 28 செ.மீ. சொச்சம்), இரண்டு 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி, ஒயர்களைக் கழற்ற முடியாத 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). பட்ஜெட் ஆறாயிரம், நல்லதாக இருந்தால் ஏழு வரை போகலாம்.

இப்போது இருப்பது ஆன்லைனில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் கலராக மின்னும் மூன்று ஃபேன். வந்த அன்றே கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தப் போனால் அதன் தகரம் பின்பக்க ஸ்லாட்டில் உட்கார மறுத்தது, ஒன்றரை மில்லிமீட்டர் இடிக்கிறது. கார்டுத் தகரத்தின் கீழ்நுனியை மூக்குக் குறடால் லேசாக வளைத்துத்தான் இறக்கினேன், கை நடுங்கிவிட்டது. பக்கக் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தகரக் கதவை மூட இரண்டு பேர் வேண்டும். கேபினட்டைப் படுக்கப்போட்டு ஒருவர் கதவின்மேல் உட்கார வேண்டும், இன்னொருவர் ஸ்க்ரூ போட வேண்டும். உட்கார்ந்தது என் தங்கை.

போன மே மாதம் கேம் ஆடும்போது கார்டு 84 டிகிரி. பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன், 73க்கு இறங்கியது. அப்புறம் கண்ணாடியை மாட்டவே இல்லை. அதன் பலன் போன வாரம் தெரிந்தது, மதர்போர்டு மேல் பல்லி எச்சம்.

ரிவியூக்களில் எல்லாரும் லைட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள், உள்ளே யாரும் கையை விட்டுப் பார்ப்பதில்லை. கடையில் நின்று கேபினட்டைத் திறந்து காட்டச் சொன்னால், எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது?


திருப்புளி:

தம்பி, முதலில் கண்ணாடிப் பக்கத்தை மறந்துவிடுங்கள். கடைக்காரர் அதைத்தான் உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். நீங்கள் எதிர்ப்பக்கத் தகரக் கதவைக் கழற்றச் சொல்லுங்கள். பதினான்கு வருடமாக அசெம்பிள் செய்கிறேன், மதர்போர்டு உட்காரும் தட்டின் முதுகைப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடுவேன்.

தட்டுக்கும் கதவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று பாருங்கள். இரண்டு செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம், இரண்டரை இருந்தால் சுகம், ஒன்றரைக்குக் கீழே என்றால் தங்கையை மறுபடி கூப்பிட வேண்டியதுதான். போர்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 24 பின் ஒயர்க் கட்டு ஒரு விரல் தடிமன் வரும், அதன்மேல் குறுக்கே டிஸ்க்குக்குப் போகும் ஒரு சாட்டா ஒயர் போனாலே கதவு உப்பிக்கொள்ளும். சில கேபினட்டுகளில் தட்டு நெடுக இடம் குறைவாக இருந்தாலும், 24 பின் இறங்கும் ஓரத்தில் மட்டும் தகரத்தைப் பள்ளமாக அழுத்தி மூன்று செ.மீ. விட்டிருப்பார்கள். அது, செய்தவன் ஒருமுறையாவது அந்தக் கேபினட்டில் கம்ப்யூட்டரைக் கட்டிப் பார்த்திருக்கிறான் என்பதற்கு அடையாளம். ஒயரைக் கட்டி வைக்கத் தகரத்தில் வளையம் வெட்டியிருப்பார்கள், அவற்றையும் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட, ஒயர் வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் வளையம் இருக்கிறதா என்பது முக்கியம்.

அடுத்து ஓட்டைகள். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். பின்சுவரின் உள்பக்கத்திலிருந்து டேப்பைப் பிடித்தால் 24 செ.மீ. சொச்சம் வரை போர்டே வந்துவிடும், ஒயர் ஓட்டை அதற்கு அப்புறம்தான் தொடங்க வேண்டும். மலிவான கேபினட்டுகளில் ஓட்டையின் பாதியைப் போர்டு மூடிக்கொள்ளும், நுழைக்கும்போது ஒயர் போர்டின் ஓரத்தில் உராய்ந்துகொண்டே போகும். பிராசசருக்குப் போகும் 8 பின் ஒயருக்கு மேல்மூலையில் ஓட்டை வேண்டும், அதில் பிளக் முழுசாக நுழைய வேண்டும். நுழையும் என்று நம்பிப் போர்டைத் திருகிவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி ஒயரை முதலில் விட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு. பிராசசருக்கு நேர் பின்னால் தட்டில் பெரிய ஜன்னல் வெட்டியிருக்கிறதா பாருங்கள். கூலர் மாற்றும்போது போர்டைக் கழற்றாமல் பின்தகடைப் பிடித்துக்கொள்ள அது தேவை.

பல்லி விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கம் கார்டு ஸ்லாட்டுகளை மூடியிருக்கும் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரே தகரத்தில் பாதி வெட்டி விட்டிருந்தால், அதை முறுக்கி ஒடித்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தபின் திரும்ப மாட்ட முடியாது. கார்டை நாளைக்கு வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பழைய இடம் நிரந்தர வாசல். ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள், எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் கெப்பாசிட்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கருகிய பல்லி. நாற்றம் மூன்று நாள் கையை விட்டுப் போகவில்லை. ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாட்டும் பட்டையாக இருக்கிற கேபினட்டையே வாங்குங்கள்.


காத்தாடி:

திருப்புளி அண்ணன் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஒயர் அழகாகப் போனதால் யாருக்கும் பத்து டிகிரி குறைந்ததாக நான் பார்த்ததில்லை. கேட்டவரின் நோய் 84க்கும் 73க்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றியதும் 11 டிகிரி இறங்கியது என்றால் உள்ளே காற்று வர வழியில்லை என்று கார்டே சொல்லிவிட்டது.

முன்பக்கத்தைக் கழற்றிக் கையில் எடுங்கள். வலை என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கடையின் டியூப்லைட் தெளிவாகத் தெரிய வேண்டும். வெளியே அழகுக்கு ஒரு வலை, உள்ளே தூசிக்கு இன்னொரு நைலான் வலை என்று இரண்டு அடுக்கு வைத்திருப்பார்கள், அதில் பாதிக் காற்று செத்துவிடும். கண்ணாடி முகப்பு என்றால் கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பக்கத்தில் விட்டிருக்கும் சந்து எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ஒரு செ.மீ. சந்தை வைத்துக்கொண்டு மூன்று ஃபேனுக்குக் காற்று என்பது ஸ்ட்ரா வைத்துப் பாயசம் குடிக்கிற கதை.

உள்ளே வந்தால் கீழ்த்தளம். எஸ்எம்பிஎஸ்ஸை மூடும் பெட்டி முன் ஃபேன் வரைக்கும் நீண்டிருந்தால் கீழ் ஃபேனின் காற்று முழுக்க அந்த இருட்டறைக்குள் போய்விடும், கார்டுக்கு வராது. பெட்டியின் மேல்தட்டில் துளை இருக்கிறதா பாருங்கள். கேபினட்டின் கால்களையும் அளக்க வேண்டும், தரையிலிருந்து இரண்டு செ.மீ. ஆவது தூக்கியிருந்தால்தான் எஸ்எம்பிஎஸ் கீழிருந்து மூச்சு விடும். அதன் ஃபில்டர் எந்தப் பக்கம் உருவ வருகிறது? பின்பக்கம் என்றால் சுவரோரம் இருக்கும் கேபினட்டை ஒவ்வொரு முறையும் இழுத்தெடுக்க வேண்டும், அதனால் யாரும் கழுவ மாட்டார்கள். எங்கள் வீடு ரோட்டோரம், இரண்டு மாதத்தில் அந்த ஃபில்டர் கம்பளி மாதிரி ஆகிவிடுகிறது.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் 'மேலே 240 ரேடியேட்டர் சப்போர்ட்' என்பதை நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். சாதாரண ரேடியேட்டர் (தண்ணீர்க் கூலரின் சூட்டைக் காற்றில் விடும் பகுதி) தடிமன் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52. போர்டின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே அந்த 52 வேண்டும், அல்லது ஃபேன் துளைகளைக் கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி அடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ரேமிலோ போர்டின் ஹீட்சிங்கிலோ இடிக்கும். உங்களுக்குக் காற்றுக் கூலரே போதும். டீப்கூல் ஏகே400 என்றால் உயரம் 155 மி.மீ., நாக்டுவாவின் என்எச் டி15 165. ஏகே400 மாதிரிக் கூலருக்குக் கேபினட் 160 வரை தாங்கினால் கவலை இல்லை.

பெரிய கார்டுக்குப் போகிற ஆசை இருந்தால் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புது என்விடியா கார்டுகளில் வரும் 16 பின் பவர் ஒயரைப் பிளக்கிலிருந்து 35 மி.மீ. வரை வளைக்காமல் விட வேண்டும் என்கிறார்கள், அதனால் கார்டுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே அந்த இடமும் வேண்டும்.

இன்னொன்று, கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடிக்கு முகம்தான் பலம், விளிம்பு பலவீனம். டைல்ஸ் கடினமானது, விளிம்பில் சின்னக் கீறல் விழுந்தாலே மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி உதிரக்கூடும். கட்டில் மெத்தையில் படுக்க வையுங்கள்.


பழைய486:

இதையெல்லாம் படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. எங்கள் காலத்தில் கேபினட்டை மதிப்பிட ஒரே அளவுகோல் தான், அசெம்பிள் செய்து முடித்ததும் எத்தனை விரலில் ரத்தம் என்று எண்ணுவது. விளிம்பை மடிக்க மாட்டார்கள், வெட்டிய தகரம் வெட்டியபடியே வரும். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் கொண்டுவந்த பிறகு வெகுகாலம் எஸ்எம்பிஎஸ் பிராசசருக்குத் தலைக்கு மேல் உட்கார்ந்து, அதன் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு கிடந்தது. 2005இல் அன்டெக் பி180 அதைக் கீழே இறக்கித் தனி அறை கொடுத்தபோது இது என்ன கூத்து என்றுதான் நினைத்தேன். 2014இல் என்இசட்எக்ஸ்டி எச்440 வந்து சிடி டிரைவ் வைக்கும் கூண்டையே தூக்கிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மூடி போட்டு மறைத்தது, அதன்பின் எல்லாரும் அந்த வழி. இன்று ஐயாயிரத்துக்குக் கிடைக்கிற கேபினட்டின் உள்ளமைப்பு அன்றைய பதினைந்தாயிரம் ரூபாய் கேபினட்டில் கிடையாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தகரம் மெலிந்துபோய்விட்டது. எல்லாக் கதவையும் கழற்றிய வெறும் கூட்டை எதிரெதிர் மூலைகளில் பிடித்து லேசாக முறுக்குங்கள். அப்பளம் மாதிரி நெளிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் கார்டு ஸ்லாட்டில் உட்காராததற்கும் இதுதான் காரணமாக இருக்கும், லாரியில் வரும்போதே கூடு கோணியிருக்கும்.


திருப்புளி:

ஐயா, கனமான தகரத்திலும் கோணல் பார்த்திருக்கிறேன். பஞ்ச் செய்யும்போதே பின்சுவர் துளையும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) துளையும் பொருந்தாமல் போனால் தகரம் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலும் ஒன்றுதான். கேபினட்டைச் சந்தேகப்பட்டால் செத்துப்போன பழைய கார்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அதன் தகரத்தின் கீழ்நாக்கு பின்சுவர்ச் சந்தில் தானாக இறங்கி, மேல் ஸ்க்ரூ துளை நேராக வந்தால் சரி. போர்டு இல்லாமலே இதைப் பார்த்துவிடலாம். எல்லா ஸ்லாட்டிலும் வைத்துப் பாருங்கள், மேல் ஸ்லாட் சரியாக இருந்து கீழே விலகிப்போகிற கேபினட்டும் உண்டு.


கல்யாண ஆல்பம்:

இத்தனை பேர் பேசிவிட்டீர்கள், அவர் இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று எழுதியதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நான் வீடியோ எடிட்டிங் செய்கிறேன், என் மெஷினில் நான்கு டிஸ்க் சுற்றுகிறது, அதனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி.

தம்பி, உங்கள் எஸ்எம்பிஎஸ் ஒயர் கழற்ற முடியாதது. தேவையில்லாத ஒயரையெல்லாம் எங்கே திணிப்பீர்கள்? எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கும் நடுவில் இருக்கிற குழியில்தான். சாதாரண எஸ்எம்பிஎஸ் நீளமே 14 செ.மீ., சில மாடல் 16. கூண்டு ஆணியடித்த மாதிரி நிலையாக இருந்து நடுவில் ஐந்து செ.மீ. மட்டும் மிச்சம் என்றால் ஒயர் மூட்டை போகாது, பலரும் கடைசியில் கூண்டைப் பிடுங்கி வெளியே வைத்துவிடுவார்கள். நீங்கள் பிடுங்கினால் டிஸ்க் எங்கே போகும்? எனவே ஸ்க்ரூவைக் கழற்றி முன்னே பின்னே தள்ளக்கூடிய கூண்டாகப் பாருங்கள்.

அடுத்தது டிஸ்க்கின் பிளக் பக்கம். கூண்டில் டிஸ்க் குறுக்காகப் படுத்திருக்கும், பிளக் தகரக் கதவைப் பார்த்து நிற்கும். அங்கே இடம் இல்லையென்றால் கதவு பிளக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்க்கொண்டிருந்தது, டிஸ்க்தான் போச்சு என்று பயந்து புதிது வாங்கிக் காப்பி எடுத்தேன். கடைசியில் பார்த்தால் சாட்டா பிளக்கைக் கதவு நெம்பித் தளர்த்தியிருக்கிறது. ஒரு தாலி கட்டும் காட்சி அந்த டிஸ்க்கில் இருந்தது, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டிஸ்க்கைத் தாங்குகிற இடத்தில் ரப்பர் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று. ரப்பர் இல்லாமல் மெல்லிய தகரத்தில் திருகினால் அந்த அதிர்வு கேபினட் முழுக்க ரீங்காரமாக ஏறும், ராத்திரியில் ஆடியோ வேலை செய்யும்போது தலைவலி. அந்த மூடிய அறையில் காற்றோட்டமும் வேண்டும், பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் எல்லை, எனக்கு மே மாதம் 54 வரை போயிருக்கிறது.


புதூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று டேப், டார்ச், செத்துப்போன ஜிடி 710 கார்டு சகிதம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் கதவைக் கழற்றச் சொன்னதும் "வாங்கினால் கழற்றலாம்" என்றார். இரண்டாவது கடைப் பையன் ஆர்வமாகத் திறந்து காட்டினான், கார்டை நுழைத்துப் பார்த்தபோது அவனும் குனிந்து பார்த்தான்.

ஒன்று மீன்தொட்டி மாடல், இரண்டு பக்கம் கண்ணாடி, அழகென்றால் அப்படியோர் அழகு. தட்டுக்குப் பின்னால் இடம் 17 மி.மீ., ஸ்லாட் பட்டை ஒடிக்கிற வகை, டிஸ்க்குக்கு ஒரே ஓர் இடம். இன்னொன்று வலை முகப்பு வைத்த கறுப்புப் பெட்டி, பார்க்க ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரிதான். பின்னால் 22, 24 பின் ஓரத்தில் 30. ஏழு பட்டையும் ஸ்க்ரூ வகை. கூண்டு நான்கு ஸ்க்ரூவில் நகர்கிறது, ரப்பரும் உண்டு. ஜிடி 710 எல்லா ஸ்லாட்டிலும் இறங்கியது. முறுக்கிப் பார்த்ததில் கொஞ்சம் நெளிந்தது, பழைய486 ஐயா மன்னிக்க. கீழ் ஃபில்டர் பின்பக்கம்தான் உருவ வருகிறது, அதற்குக் காத்தாடி மன்னிக்க. 5,800க்கு எடுத்துவிட்டேன்.

கூண்டை முன்பக்கம் ஒரு துளை தள்ளியதும் ஒயர் மூட்டை குழிக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடி மாட்டியபடியே கார்டு 72, ஆனால் இப்போது மே மாத வெயில் இல்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவைத் தனியாளாக மூடினேன்.

இரண்டு சந்தேகம். முன்பக்க டைப் சி ஒயரின் நுனி என் போர்டில் எந்தச் சாக்கெட்டிலும் போகவில்லை. அப்புறம் போர்டின் நடுத் துளையில் ஸ்க்ரூ போட முடியவில்லை, கீழே மரை இல்லாமல் வெறும் முளைதான் துருத்திக்கொண்டு நிற்கிறது. பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று பொட்டலத்தில் மீதி. எதையாவது விட்டுவிட்டேனா?


திருப்புளி:

விடவில்லை. அந்த முளை போர்டை நேராக உட்கார வைப்பதற்கு, அதில் ஸ்க்ரூ கிடையாது. போர்டைத் திருக மற்ற துளைகளே போதும். மீதி ஸ்டாண்ட்ஆஃபைப் பொட்டலத்திலேயே வைத்திருங்கள். அடுத்து மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு மாற்றினால், அந்தப் போர்டில் துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முதுகில் குத்தி ஷார்ட் ஆகும்.

டைப் சிக்குத் தனிச் சாக்கெட் வேண்டும், பி550இல் பல போர்டுகளில் அது இருக்காது. 19 பின் யுஎஸ்பியிலிருந்து மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் அதைப் போட்டால் முன்பக்க சாதா யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு இடம் இருக்காது, எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் நுனிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றித் தட்டின் முதுகில் கட்டிவிடுங்கள், ஃபேன் பக்கம் தொங்க விடாதீர்கள்.


கல்யாண ஆல்பம்:

பழைய கேபினட்டைக் காயலான் கடைக்குப் போடும்முன் அந்த மூன்று ஃபேனையும் கழற்றிக்கொள்ளுங்கள் தம்பி. ஒன்றைக் கூண்டுக்கு நேராக வைத்தால் மே மாதத்தில் டிஸ்க்குக்கு உதவும்.